கிளாஸில் சர்க்கரை போடுவது யார் கை?

அம்மாவின் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 8.4 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்த அன்று, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "நான் என்னடி தப்பு பண்ணேன், கலர் குடிச்சே பத்து வருஷம் ஆச்சு" என்று கேட்டார். உண்மைதான். சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து கலர், சோடா எதையும் அவர் தொட்டதில்லை. வெள்ளைச் சர்க்கரையை வீட்டை விட்டே அனுப்பிவிட்டார். டீக்கு நாட்டுச் சர்க்கரை, சுக்குக் காபிக்குக் கருப்பட்டி, வெயில் காலத்தில் தினமும் நன்னாரி சர்பத், பனை இறக்கும் மாதங்களில் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் பதநீர், உடம்பு முடியாத நாளில் சாத்துக்குடி ஜூஸ். எல்லாமே உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்லும் பொருள்கள். அப்படியிருக்க நம்பர் ஏன் ஏறுகிறது என்று அவருக்கும் புரியவில்லை, அன்றைக்கு எனக்கும் புரியவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும், சமையலறைத் தராசை வைத்து அளந்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டோடு முடிகிற விஷயமாக இருந்தால் எழுதவே வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்தியா முழுமைக்கும் நீரிழிவு 11.4 சதவீதம். நான் இருக்கும் புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவா 26.4 என்று முதலிடம், நாம் அதற்கு நூலிழை பின்னால் இரண்டாமிடம். முத்தியால்பேட்டையில் நான் டீ குடிக்கும் கடையின் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவருக்கு சுகர் என்று அர்த்தம். அந்த நாலு பேருக்கும் மாஸ்டர் ஒரே ஸ்பூனால்தான் சர்க்கரை போடுகிறார்.

முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது: ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் சர்க்கரையிலிருந்து வரக்கூடாது, 5 சதவீதத்துக்குள் அடக்கினால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 5 சதவீதம் என்பது 25 கிராம், சுமார் ஐந்தாறு டீஸ்பூன். சுகர் இல்லாதவர்களுக்கும் இதே கணக்குதான். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவர்கள் சர்க்கரை என்று சொல்வதில் நாம் அள்ளிப் போடுவது மட்டுமில்லை, தேன், பாகு, பழச்சாறு எல்லாம் சேர்த்திதான். முழுப் பழத்துக்குள் இருப்பதும் பாலில் இயல்பாக இருப்பதும் கணக்கில் வராது.

இப்போது அம்மாவின் ஒரு நாளை அளந்தேன். அவர் ஸ்பூனில் நாட்டுச் சர்க்கரையைக் குவித்து எடுத்தால் 6 கிராம் நிற்கிறது. மட்டமாகத் தட்டினால் நாலுதான், ஆனால் யார் தட்டுகிறார்கள்? ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு மூன்று டீ, ஆக 36 கிராம். அப்புறம் நன்னாரி. சர்பத் பாகு என்று விற்பதில் குறைந்தது நூற்றுக்கு 65 பங்கு கரைந்த பொருள் இருக்க வேண்டும் என்பது உணவுத் தர விதி, அதில் ஏறத்தாழ எல்லாமே சர்க்கரைதான். அவர் ஊற்றும் குழிக்கரண்டி 30 மில்லி பிடிக்கும். பாகு தண்ணீரைவிடக் கனம் என்பதால் அந்த ஒரு கரண்டியில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரே டம்ளரில் ஒரு நாள் பங்கு தீர்ந்தது. இரண்டையும் கூட்டினால் 60 கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட 240 கலோரி. ஒரு லட்டு, ஒரு அதிரசம் வாயில் வைக்காத நாளின் கணக்கு இது.

"வெல்லம் வேற, சக்கரை வேற இல்லையா?" என்று அம்மா கேட்டார். எல்லாரும் கேட்கிற கேள்விதான், அதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். கடலூர் மாவட்டமே கரும்பு மாவட்டம், நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பிலும் ஆலை இருக்கிறது, ஆலைக்குப் போனால் அதே கரும்பு வெள்ளைச் சர்க்கரை, கொப்பரைக்குப் போனால் வெல்லம். வெள்ளைச் சர்க்கரை முழுக்க முழுக்க சுக்ரோஸ். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ், மீதி கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தாது உப்புகள். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் பனையிலிருந்து வருகின்றன, உள்ளே இருப்பது இதே சுக்ரோஸ். தேனில் அது ஏற்கெனவே குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைந்திருக்கிறது. 100 கிராமுக்கு சர்க்கரை 400 கலோரி என்றால் வெல்லம் 380-ஐ ஒட்டி, தேன் ஈரம் கூடுதலாக இருப்பதால் 300-ஐ ஒட்டி. வெல்லத்தில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை, ஆனால் ஒரு டீயில் விழும் இரண்டு ஸ்பூனில் வருவது மிகவும் சொற்பம், கொஞ்சம் முருங்கைக்கீரை அதைவிட நன்றாகத் தரும். ருசிக்காகக் கருப்பட்டி போடுங்கள், எனக்கும் பிடிக்கும். சுகருக்கு நல்லது என்று நினைத்து ஒரு ஸ்பூன் கூடப் போடுவதுதான் வினை. அம்மா அதைத்தான் செய்தார், நாட்டுச் சர்க்கரையில் இனிப்பு ஏறவில்லை என்று ஒன்றரை ஸ்பூனை இரண்டாக்கினார்.

சரி, இனிப்பைப் பற்றிப் பேசும்போது குடிப்பதை மட்டும் ஏன் தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்? வயிறு குடித்ததைக் கணக்கில் வைப்பதில்லை என்பதால்தான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் செய்து 2000-ல் வெளியான ஒரு ஆய்வு இதை எளிதாகக் காட்டியது. 15 பேருக்கு நாலு வாரம் தினமும் 450 கலோரிக்கு ஜெல்லி மிட்டாய் கொடுத்தார்கள், இன்னொரு நாலு வாரம் அதே 450 கலோரியை சோடாவாகக் கொடுத்தார்கள். மிட்டாய் சாப்பிட்ட நாட்களில் மற்ற சாப்பாடு தானாகக் குறைந்து கணக்கு நேரானது. சோடா குடித்த நாட்களில் சாப்பாடு குறையவில்லை, அந்தக் கலோரி அப்படியே மேலே ஏறி உட்கார்ந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் நம் வீட்டிலேயே பார்க்கலாம்: நாலு மணிக்கு இரண்டு வடை சாப்பிட்டவர் ராத்திரி ஒரு தோசை குறைத்துக்கொள்வார், நாலு மணிக்கு கரும்புச்சாறு குடித்தவர் குறைப்பதில்லை.

இதையெல்லாம் அளந்து முடித்தபோது எனக்கு ஒரு வழி கிடைத்தது. எது இயற்கை, எது செயற்கை என்று பிரிப்பதை விட்டுவிட்டு, இந்தக் கிளாஸில் சர்க்கரை போட்டது யார் கை என்று பார்க்க ஆரம்பித்தேன். என் கையா, கண்ணெதிரே நிற்கிற கடைக்காரர் கையா, எங்கோ இருக்கும் தொழிற்சாலையா, இல்லை கரும்பும் பனையுமே போட்டதா? என் கையென்றால் நானே குறைக்கலாம். கடைக்காரர் என்றால் வாய் திறந்து சொல்லலாம். தொழிற்சாலை என்றால் லேபிளைப் படிப்பதும் வாங்காமல் விடுவதும்தான் நம்மால் முடிந்தது. மரமும் கரும்பும் போட்டதைக் குறைக்கவே முடியாது, கிளாஸைத்தான் சின்னதாக்க முடியும்.

டீக்கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், நமக்கு அதிகச் சர்க்கரை உள்ளே போகும் வாசல் அதுதான். நாளைக்கு நாலு டீ, டீக்கு 10 கிராம் என்று வைத்தால் மாதம் ஒரு கிலோ 200 கிராம் சர்க்கரை. ஒரு கிலோ பாக்கெட் ஒன்றையும் கூடவே ஒரு கைப்பிடியையும் மேஜையில் வைத்துப் பார்த்தால்தான் இது உறைக்கும். நம் பக்கத்து மாஸ்டர்கள் முதலில் காலி கிளாஸில் சர்க்கரையைப் போட்டு வரிசையாக வைத்துவிட்டுத்தான் பாலையும் டிகாஷனையும் ஊற்றுவார்கள். அதனால் கிளாஸ் வரிசையில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், ஊற்றிய பிறகு சொன்னால் கலக்காமல் கொடுப்பார், அடியில் தங்கியது போக மீதி கரைந்துதான் வரும். "சக்கரை கம்மி" என்று சொல்வதிலும் ஒரு சிக்கல், ஒவ்வொரு மாஸ்டருக்கும் கம்மி என்பது வேறு வேறு அளவு. நான் ஒரு வாரம் உன்னிப்பாகப் பார்த்தேன், கூட்டம் இல்லாத நேரத்தில் அது ஒரு ஸ்பூன், கூட்டத்தில் ஒன்றரைக்கும் மேல். இப்போது "அண்ணா, அரை ஸ்பூன்" என்றுதான் சொல்கிறேன். எண் சொன்னால் கை சரியாக நிற்கிறது. ஆபீஸுக்கு ஃபிளாஸ்க்கில் வரும் டீ இன்னும் மோசம், மொத்தமாகக் கலந்தே வரும், அங்கே கையே கண்ணில் படாது. எங்கள் ஆபீஸில் ஒரு ஃபிளாஸ்க்கைச் சர்க்கரை போடாமல் கொண்டுவரச் சொல்லி ஒரு டப்பாவில் சர்க்கரையைத் தனியாக வைத்தோம், வேண்டியவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். ஒயிட் டவுன் பக்கத்து கஃபேக்களில் சாதா காபிக்குச் சர்க்கரை பாக்கெட்டாகத் தனியே வருகிறதே, அது நல்ல பழக்கம். ஆனால் அதே கடையில் சிரப் ஊற்றும் கோல்டு காபியும் மாக்டெயிலும் கேட்டால் கதை மாறிவிடும்.

ஜூஸ் கடையில் நடப்பதை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை, பேரைச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாக் கடையும் இப்படித்தான். சாத்துக்குடியைப் பிழிந்து மிக்ஸி ஜாரில் ஊற்றினார் பையன், பிளாஸ்டிக் டப்பாவில் இருந்த சர்க்கரையை எவர்சில்வர் கரண்டியால் ஒரு அள்ளு, கை இழுத்த வேகத்தில் இன்னொரு அரை அள்ளு, மேலே ஒரு குத்து ஐஸ். எனக்குப் போடும்போது, "தம்பி, சக்கரை வேணாம்" என்றேன். "நல்லா இருக்காதுக்கா, கசக்கும்" என்றார். "ஐஸும் வேணாம், ஒரு சிட்டிகை உப்பு மட்டும் போடுங்க." சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. குளிர்ச்சி நாக்கின் இனிப்பு உணர்வை மந்தமாக்கும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவதும், கட்டியாக இருந்தபோது அளவாகத் தோன்றியதும் இதனால்தான். ஐஸ் போட்டால் இனிப்பு தெரியாது, தெரியாததால் கூடுதல் சர்க்கரை, ஐஸ் உருகித் தண்ணியாகிவிடும் என்பதால் அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம். ஐஸை நிறுத்தினால் சர்க்கரையின் தேவையே குறைந்துவிடும். உப்பு ஒரு சிட்டிகை கசப்பை அடக்கும், அடங்கியதும் பழத்தின் சொந்த இனிப்பு மேலே வரும். புளிப்பு வேறு மாதிரி வேலை செய்கிறது, இனிப்பை மறைத்துவிடும். கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் பத்தரை கிராம் சர்க்கரை இருக்கிறது, 250 மில்லி பாட்டிலில் ஐந்து டீஸ்பூனுக்கு மேல், இருந்தும் திகட்டாமல் இறங்குவது அமிலமும் கேஸும் குளிரும் சேர்ந்து மறைப்பதால்தான். அரை டம்ளர் கோலாவை ராத்திரி மூடாமல் வெளியே வைத்துவிட்டுக் காலையில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், நிஜமான இனிப்பு என்ன என்று தெரியும்.

சர்க்கரை போடாத ஜூஸ் என்றாலும் அளவு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிளாஸ் சாத்துக்குடிச் சாறில் அதன் சொந்தச் சர்க்கரையே 15 கிராம் பக்கம் வரும், இரண்டு மூன்று பழத்தின் சர்க்கரை, நார் எல்லாம் வடிகட்டிக் கூடையில் போய்விட்டது. உரித்துச் சாப்பிட்டால் ஒரு பழத்தோடு போதும் என்றிருக்கும். திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்பூசணியை ரோட்டோரத்தில் வெட்டிக் கொடுக்கிறார்களே, அதை ஜூஸாக்காமல் துண்டாகச் சாப்பிடுவது இந்த வெயிலுக்கு நான் முதலில் சொல்வது. 100 கிராமுக்கு 30 கலோரிதான், மற்றபடி எல்லாம் தண்ணீர்.

மரமும் கரும்பும் போட்ட சர்க்கரைக்கு வருவோம். கரும்புச்சாறில் 100 மில்லிக்கு 12 முதல் 15 கிராம் வரை சர்க்கரை. கோலாவைவிட அதிகம் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள், ஆனால் சர்க்கரை எடுப்பதற்காகவே வளர்க்கும் பயிரின் சாறு அது, வேறெப்படி இருக்கும்? 60 கிலோ எடை உள்ளவர் கடற்கரைச் சாலையில் மூன்று கிலோமீட்டர் நடந்தால் சுமார் 130 கலோரி செலவாகும், நடை முடித்து வந்து ஒரு பெரிய கிளாஸ் கரும்புச்சாறு குடித்தால் நடந்தது அத்தனையும் அதற்கே போய்விட்டது. பதநீரிலும் 100 மில்லிக்கு 10 கிராமை ஒட்டி இருக்கும், அதைக் காய்ச்சித்தானே கருப்பட்டி வருகிறது. இவற்றை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. பதநீர் வருஷத்தில் சில மாதம்தான் கிடைக்கும், அதை இறக்குகிறவர் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறுகிறார். சுகர் இல்லாதவர் ஒரு சின்ன டம்ளர் குடிக்கலாம், அன்றைக்கு மற்ற இனிப்பை விட்டுவிட்டால் போதும். சுகர் உள்ளவருக்கு நுங்கு இருக்கிறது, அதே பனைதான், தோலோடு சாப்பிட்டால் வயிறும் குளிரும். நுங்கு சர்பத் என்று பாகு ஊற்றிக் கொடுப்பது வேறு விஷயம்.

இந்த வரிசையில் நான் மனதாரப் பரிந்துரைப்பது இளநீர். 100 மில்லிக்கு இரண்டரை முதல் 5 கிராம் வரைதான் சர்க்கரை, 20 கலோரியைச் சுற்றித்தான் வரும். ஒரு காய் முழுதும் குடித்தாலும் ஒரு சர்க்கரை போட்ட டீயின் அளவுதான். கடைக்காரர் "தண்ணியா, வழுக்கையா" என்று கேட்கும்போது தண்ணியாக இருப்பதைக் கேளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, இதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. சுகர் பல வருஷம் ஆனவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால் இதைச் சும்மா கடந்து போக முடியாது.

பாட்டில், டெட்ரா பாக்கெட் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை, லேபிளைப் படிக்கும் முறை தெரிந்தால் போதும். 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், அதைப் பாட்டில் அளவுக்குப் பெருக்குங்கள், வந்ததை ஐந்தால் வகுத்தால் எத்தனை ஸ்பூன் என்று தெரியும். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும், தண்ணீருக்கு அடுத்ததாகச் சர்க்கரை இருந்தால் அது பழ பானம் இல்லை. 100 சதவீதப் பழச்சாறு என்று அட்டையில் போடுவதை, அடர்சாறில் தண்ணீர் கலந்து செய்யும் ஜூஸ்களிலிருந்து நீக்கச் சொல்லி 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் இன்னொன்று: உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத இனிப்பு பானங்கள் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குறிக்கும் ஓஆர்எஸ் என்ற சொல்லைப் பெயரில் வைக்கக்கூடாது என்று அதே ஆணையம் தடுத்தது. உண்மையான ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் பதிமூன்றரை கிராம்தான். வயிற்றுப்போக்கில் குழந்தைக்கு அதிகச் சர்க்கரை கொடுத்தால் குடல் இன்னும் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும், அதனால் இந்தத் தடை எனக்கு மிகவும் நிம்மதி தந்தது. புதுச்சேரியின் கூட்டுறவுப் பால் நிறுவனமான பாண்லேயின் பூத்தில் கிடைக்கும் ரோஸ் மில்க் போன்றவற்றில் பாலின் சொந்தச் சர்க்கரை 100 மில்லிக்கு 5 கிராம் அளவுக்கு இருக்கும், அதற்கு மேல் இருப்பதெல்லாம் சேர்த்தது. அங்கேயே மோரும் கிடைக்கிறது, என் ஓட்டு மோருக்கு.

ஜீரோ, டயட் என்று வருகிறதே, அதைப் பற்றி நிறையப் பேர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அஸ்பார்டேம் சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு, சுக்ரலோஸ் 600 மடங்கு, அதனால் மில்லிகிராம் கணக்கில் போட்டாலே போதும், கலோரி இல்லை. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அஸ்பார்டேமைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது, சான்று குறைவு என்றும் சேர்த்தே சொன்னது. அதே நாளில் உணவுச் சேர்மானங்களைப் பார்க்கும் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடை உள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரு நாளில் 9 கேனுக்கும் மேல் குடிக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, எடை குறைக்கும் வழியாக இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம், நீண்ட காலத்தில் பலன் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதில் இருக்கிறது. என் அபிப்பிராயம் இதுதான்: தினமும் கோலா குடிக்கிறவர் அதிலிருந்து ஜீரோவுக்கு மாறினால் அது ஒரு படி இறங்கியதுதான், கல்யாண வீட்டில் சுகர் உள்ளவர் ஒரு கிளாஸ் ஜீரோ குடிப்பதில் தப்பில்லை. ஆனால் நாக்கு அதே உச்ச இனிப்பிலேயே நிற்கும், அமிலம் பல்லையும் அரிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதுதான் அம்மாவிடம் பலித்தது, ஆனால் அதற்கு வாசனை துணை வேண்டும். இனிப்போடு சேர்த்தே பழகிய வாசனை வந்தால், குறைந்த சர்க்கரையையும் மூளை இனிப்பாக எடுத்துக்கொள்ளும். ஏலக்காய், பன்னீர் ரோஜா, பட்டை எல்லாம் இந்த வேலையைச் செய்யும். இதில் அரசன் நன்னாரி. வெனிலாவின் மணப்பொருளும் நன்னாரி வேரின் மணப்பொருளும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை, அடுக்கு மட்டும்தான் வேறு. நன்னாரியை முகர்ந்தாலே இனிப்பு ஞாபகம் வருவது அதனால்தானோ என்று எனக்குத் தோன்றும். பாகில் கரைந்து கிடக்கும் சர்க்கரைக்காக அந்த வேரைக் குறை சொல்லக்கூடாது.

எனவே அம்மா இப்போது பாகு வாங்குவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் குச்சி தனியே கழன்றுவிடும், அதை எறிந்துவிட்டு மேல்பட்டையை மட்டும் எடுக்கிறார். ஒரு கைப்பிடி பட்டைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது, மணம் ஆவியோடு போய்விடும். கொதித்த தண்ணீரை இறக்கி அதில் போட்டு, தட்டை மூடி ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் வடிகட்டினால் தேன் நிறத்தில் ஒரு தண்ணீர், அதை மண்பானையில் ஊற்றி வைக்கிறார், ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை. ஒரு டம்ளருக்கு அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, மட்டமாகத் தட்டிய ஒரு ஸ்பூன் சர்க்கரை, நாலு கிராம். முன்பு 25 கிராம் போன இடம் அது. முதல் வாரம் "தண்ணியா இருக்குடி" என்றார். ஒரு மாதம் கழித்துச் சர்க்கரையை அரை ஸ்பூனாக அவரே குறைத்திருந்தார், நான் சொல்லவில்லை. டீயும் அப்படித்தான், இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கி இரண்டு வாரம், ஒன்றாக்கி இரண்டு வாரம், இப்போது இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு அரை ஸ்பூனில் நிற்கிறது. ஆறு மாதத்தில் சராசரி 7.3-க்கு வந்தது. இடையில் டாக்டர் ஒரு மாத்திரையையும் மாற்றினார் என்பதால் இது எல்லாம் நன்னாரியால் என்று சொல்ல மாட்டேன். நம்பர் இறங்குகிறதே என்று யாரும் மாத்திரையைத் தாங்களாகக் குறைக்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறவர்கள் பலர் சொல்ல மறந்துவிடுவது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் திடீரென்று சர்க்கரை தாழ்ந்துபோகலாம், கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் அந்த நேரத்துக்கு மருந்தே சர்க்கரைதான். மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 15 கிராம், தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு முறை. அப்போது ஜீரோ கோலா கொடுத்தால் ஒரு பயனும் இல்லை, அதில் உடம்புக்கு வேண்டிய சர்க்கரையே கிடையாது. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வெள்ளைச் சர்க்கரையை வீட்டை விட்டு அனுப்பிய அம்மாவின் கைப்பையில் இப்போது 15 கிராம் அளந்து மடித்த இரண்டு பொட்டலம் எப்போதும் இருக்கிறது. ஒன்று அவருக்கு, இன்னொன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாருக்காவது வேண்டியிருக்கும் என்று.